டோட்டா 2 புதுசா ஆடப்போறீங்களா? முதல்ல சாகாம இருக்கக் கத்துக்கோங்க

1/ டூட்டி இல்லாத ஒரு சனிக்கிழமை. அண்ணன் பையன் லேப்டாப்பை நீட்டி, "சித்தப்பா, ஒரு மேட்ச் ஆடிப் பாருங்க"ன்னான். 43 வயசுல டோட்டா 2 ஆரம்பிச்ச கதை இது. புதுசா ஆடப்போறவங்களுக்கு உதவலாம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ அணிக்கு 5 பேர். மூணு பாதை. எதிரணியோட 'ஏன்ஷியன்ட்'ங்கற கட்டடத்தை இடிச்சா ஜெயிச்சோம். அவ்ளோதான். ஆனா ஹீரோக்கள் மட்டும் 120க்கு மேல! எல்லாரையும் படிச்சிட்டு ஆடலாம்னு நினைச்சா, எம்பிபிஎஸ் முதல் வருஷ அனாட்டமி கதைதான்.

3/ முதல் மேட்ச்ல 15 தடவை செத்தேன். மைக்ல ஒரு பையன், குரலைக் கேட்டா 17 வயசு இருக்கும், இங்கிலீஷ்ல கத்தறான். தமிழ்ல சொன்னா: "ஒண்ணும் தெரியாம எதுக்குய்யா இங்க வந்த?" காது சூடாகிடுச்சு.

4/ அவன் கோபத்துக்குக் காரணம் இருக்கு. நாம செத்தா, கொன்னவருக்குத் தங்கமும் அனுபவப் புள்ளியும் போகும். அதை வெச்சு அவர் பலமாகி நம்ம கூட்டாளிகளை அடிப்பார். நாம பண்ற தப்புக்கு மத்த 4 பேரும் சேர்ந்து பில் கட்டணும். அதனால புது ஆளோட முதல் வேலை கொல்றது இல்ல, சாகாம இருக்கறது. எதிரிங்க மேப்ல காணோமா? நம்மளத் தேடித்தான் வர்றாங்கன்னு நினைச்சு டவர் பக்கம் வந்துடுங்க.

5/ முதல்ல கம்ப்யூட்டர் பாட்களோட ஆடுங்க. ஒரே ஹீரோவைப் பிடிச்சுக்கோங்க. நான் பிடிச்சது ரெயித் கிங். லெவல் 6ல அந்த வித்தை வந்துட்டா, செத்தாலும் தானே எழுந்துப்பார், சிபிஆர் வேணாம்! அப்புறம், சின்னப் படைவீரர்களை யார் கடைசி அடி அடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் தங்கம். சும்மா அடிச்சிட்டே இருக்காம, உயிர் குறையற நேரம் பாத்து அடிங்க.

6/ ஒரு மேட்ச் 40 நிமிஷம் போகும், சில நாள் ஒரு மணி நேரம். பாதியில போனா தண்டனை உண்டு, கூட இருக்கறவங்க ஆட்டமும் கெடும். ஆன்-கால் நாள்ல நான் தொடவே மாட்டேன். பெற்றோர்களே, "உடனே மூடு"ன்னு சொல்லாம, "இந்த மேட்ச் முடிஞ்சதும் சாப்பிட வா"ன்னு சொல்லிப் பாருங்க.

7/ யாராவது திட்டினா ம்யூட் பட்டன் இருக்கு. கூச்சப்படாம அமுக்குங்க.

8/ இனிமேதான் விஷயமே. அந்தப் பையன் கேட்ட அதே கேள்வியை, அதுக்கு முந்தின வாரம் நான் கேட்டிருந்தேன். ரெண்டு தடவை குத்தியும் வெயின் கிடைக்காம நின்ன ஒரு ஹவுஸ் சர்ஜன் பொண்ணுகிட்ட, பேஷன்ட் முன்னாடியே. அந்தப் பொண்ணுகிட்ட ம்யூட் பட்டன் இல்ல.

9/ திங்கட்கிழமை போய் "அன்னிக்கு அப்படிப் பேசினது தப்பும்மா"ன்னு சொன்னேன். "பரவால்ல சார்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு. பரவால்லன்னு எனக்குத் தோணல.

10/ இன்னும் தோத்துட்டுத்தான் இருக்கேன். போன மேட்ச்ல 6 தடவைதான் செத்தேன். எங்க டீம்ல ஒரு புது ஆள் 14 தடவை. மைக்கை ஆன் பண்ணி அவர்கிட்ட சொன்னேன்: "டவர் பக்கம் வந்துடுங்க, நான் இருக்கேன்."