மீமிலிருந்து மீனுக்கு

ஒரு உண்மையை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். யெஸ் என்ற றொக் இசைக்குழுவை நாங்கள் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. மீமில் பிடித்தோம். யாரோ ஒருவன் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழப்போவான், பின்னால் ஒரு கிற்றார் மெதுவாகக் கேட்கும், விழுகிற நேரம் பார்த்துப் படம் உறைந்துபோய் மூலையில் 'தொடரும்' என்று அம்புக்குறி வரும். அந்தக் கிற்றார்தான் 'ரவுண்டபவுட்' பாட்டின் தொடக்கம். 2012இல் வந்த 'ஜோஜோ' அனிமே அதை முடிவுப் பாட்டாகப் போட்டதால் மீம்காரர் கையில் சிக்கிக்கொண்டது. பாட்டு வந்தது 1971இல் என்று தெரிந்தபோது எங்கட போடிங் அறையில் மூன்று பேருக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"முழுசாப் போடு மச்சான்."

எட்டரை நிமிடப் பாட்டு. அறையில் ஸ்பீக்கர் கிடையாது. போனைச் சில்வர் கோப்பைக்குள் நிறுத்தி வைப்போம், அதுதான் எங்கட சவுண்ட் சிஸ்டம். மீமில் படம் உறைகிற இடத்தில்தான் பேஸ் கிற்றார் உள்ளே வருகிறது. இத்தனை வருசமாய் நாங்கள் பாட்டுத் தொடங்க முன்னமே சிரித்துவிட்டுப் போயிருக்கிறோம்!

எங்களில் ஒருவன் பேஸ் வாசிப்பவன். கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் ஓர் இசைக்குழுவில், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் பின்னுக்கு நிற்பான். போய்ப் பார்த்திருக்கிறோம். விரல் ஓடுவது தெரியும், என்ன வாசிக்கிறான் என்று கேட்காது. "நாலு கம்பிதானே கிடக்கு, மிச்சம் ரெண்டும் அறுந்துபோச்சோ தம்பி?" என்று அவனிடம் கேட்ட ஐயாவும் உண்டு. அன்றைக்குக் கோப்பைக்குள் இருந்து வந்த சத்தத்தைக் கேட்டதும் அவன் கட்டிலை விட்டு எழும்பிவிட்டான்.

"டேய், இது பேஸ். போனில பேஸ் கேக்குதடா!"

எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அவன்தான் விளங்கப்படுத்தினான். பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி கிட்டத்தட்ட 41 ஹேர்ட்ஸில் அதிர்வது. போனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. அதனால்தான் போனில் பாட்டுக் கேட்டு வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது. ஆனால் யெஸ்ஸின் கிறிஸ் ஸ்குவயர் அடியில் மட்டும் கிடக்கிற ஆள் இல்லை. ரிக்கன்பேக்கர் கிற்றாரை பிக்கால் அடித்து வாசிப்பார். வருகிற ஒலியை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பகுதியை பேஸ் அம்ப்ளிஃபயருக்கும் மேல்பகுதியைச் சாதாரண கிற்றார் அம்ப்ளிஃபயருக்கும் அனுப்புவார். அந்த மேல்பகுதிதான், கறுமுறு என்று கடிக்கிற சத்தத்தோடு, ஐம்பது வருசம் தாண்டி எங்கட கோப்பைக்குள் வந்து விழுந்திருக்கிறது.

பிறகு பைத்தியம்தான். ஸ்குவயர் சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். அது தெரிந்த பிறகு கேட்டால், மற்றவர்களுக்குத் தாங்கு கொடுப்பதற்காக மட்டும் அவர் வாசிக்கவில்லை, தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறார் என்பது பிடிபடும். 'ஃப்ரஜைல்' அல்பத்தைப் பதிவுசெய்தபோது அவருக்கு வயது 23. ட்ரம்ஸ் வாசித்த பில் ப்ரூஃபோர்டுக்கும் கீபோர்ட் வாசித்த ரிக் வேக்மனுக்கும் 22. எங்கட வயசு. நாங்கள் டியூட் எழுதவே இன்னொருவனின் டியூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த அல்பத்தில் ஐந்து பேரும் தங்களுக்கென்று ஆளுக்கொரு துண்டு செய்திருக்கிறார்கள். ஸ்குவயருடையது 'த ஃபிஷ்'. கூட்டாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அதுதான், குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டாராம். ட்ரம்ஸையும் குரலையும் விட்டால் அதில் மெட்டும் கிற்றார் போலக் கேட்பதும் எல்லாமே பேஸ்தான், ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பதிந்து அடுக்கியது. தாளம் ஏழு ஏழாகப் போகும். எங்களில் ஒருவன் சின்னனில் மிருதங்கம் பழகியவன், "மிஸ்ரசாபுவடா இது" என்று தொடையில் போட்டுக்கொண்டே இருந்தான். 'ஹார்ட் ஒஃப் த சன்ரைஸ்' இன்னும் ஒரு படி மேல். ஆரம்பப் புயல் ஓய்ந்த பிறகு பேஸும் ட்ரம்ஸும் மட்டும் நடந்துகொண்டிருக்க, பின்னால் வேறொன்று மெல்ல மெல்ல எழும்பி வரும். அந்த இடத்தில் எங்கட அறையில் ஒருவரும் கதைக்கக்கூடாது.

எல்லாம் பொன் இல்லை. 1973இல் நாலே பாட்டோடு ஓர் இரட்டை அல்பம் போட்டார்கள், மூன்று தரம் முயன்றோம், மூன்று தரமும் நித்திரை. அந்த அல்பத்தை வாசித்த ஒரு கச்சேரியில், மேடையிலேயே இருந்து கறி சாப்பிட்டதாக வேக்மனே சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

இன்னொரு வெட்கக்கேடு. கொஞ்ச நாள் "நாலு நிமிடப் பாட்டெல்லாம் பாட்டா?" என்று கம்பஸ் கன்ரீனில் பெரிய எடுப்பு எடுத்துத் திரிந்தோம். அதை நிப்பாட்டியது இளையராஜா. பஸ்ஸில் ஆயிரம் தரம் கேட்ட அவருடைய பாட்டொன்றில், ஹெட்செட்டைப் போட்டதும், கீழே ஒரு பேஸ் தன்பாட்டில் கதை சொல்லிக்கொண்டு போனது. நாலு நிமிடம்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டோம்.

அடுத்த திருவிழாவுக்குப் போய் மேடையின் பக்கவாட்டில், அவனுடைய அம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்றோம். அன்றைக்குத்தான் அவன் வாசிப்பதை முதன்முதலாகக் கேட்டோம். நல்லா வாசித்தான். மூன்று வருசம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம்.

இப்போது அறையில் இரண்டு பேர்தான். இறுதி வருசம் தொடங்க முன்னமே அவன் வெளிநாடு போய்விட்டான். வீட்டுக் கடன், தங்கச்சி, வழமையான கதைதான், நாங்களும் "யோசி மச்சான்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. 2015இல் சாகும்வரைக்கும் யெஸ்ஸின் எல்லா ஸ்டூடியோ அல்பத்திலும் இருந்த ஒரே ஆள் ஸ்குவயர்தான் என்று அவன் அடிக்கடி சொல்லுவான். பேஸை விற்க மனமில்லாமல் எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். எங்கள் இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம்.

போன கிழமை வொய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. வேலை எப்படி, குளிர் எப்படி என்று ஒன்றும் இல்லை.

"டேய், மழைக்காலமெல்லோ. கம்பி கறள் பிடிச்சிடும். ஒரு துணியால துடைச்சு விடுங்கோடா."