பழைய வில்லுக்கு எவ்வளவு தேய்ப்பு

மார்ச் 4

பழைய ரிகர்வ் வில் கைக்கு வந்ததும் பலரும் முதலில் எடுப்பது உப்புத்தாளை. பழைய வார்னிஷ் முழுவதையும் தேய்த்தெடுத்துப் புதிதாகப் பூசினால் வில் புதுசாகிவிடும் என்று நம்புகிறார்கள். மிச்சிகன் மாநிலத்து கிரேலிங் ஊரில் ஃப்ரெட் பேரின் தொழிற்சாலை 1960களில் செய்த கோடியாக் போன்ற விற்களுக்கு இது கெடுதல் என்றே சொல்வேன். அவற்றின் வளையும் பகுதிகளில் நடுவே மேப்பிள் பட்டை. முன்னும் பின்னும் நீளவாக்கில் இழையோடும் ஃபைபர்கிளாஸ். எல்லாவற்றையும் பிடித்திருப்பது பசை. வில் வளையும்போது பெரும்பாரத்தைத் தாங்குவது வெளியிலிருக்கும் அந்த ஃபைபர்கிளாஸ்தான். வார்னிஷ் போன பிறகும் தாள் ஓடினால் தேய்வதும் அதுவே. ஒரே பொருளாலான பட்டையில்கூட தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு கால் பங்குக்கு மேல் போய்விடும்; வலுவெல்லாம் வெளிப்புறத்தில் இருக்கும் பட்டையில் இழப்பு இன்னும் கூடுதல். மேல்பாதி ஒரு அளவும் கீழ்ப்பாதி வேறு அளவும் தேய்ந்தால் இரண்டும் ஒன்றுபோல் வளையாது. அறுபட்ட இழைகள் பிறகு சிலாம்பாக எழும்பும். தேய்க்கும்போது எழும் ஃபைபர்கிளாஸ் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது.

வார்னிஷோடு எழுத்தும் போய்விடும் என்பது எனக்கு இன்னும் பெரிய கவலை. நீளம், இழுவிசை, வரிசை எண் எல்லாம் வில்லிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஃப்ரெட் பேரின் விற்களில் '1953' என்றும் இருக்கும். அதைச் செய்த வருடமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது கனடா காப்புரிமையின் வருடம், 1970களின் தொடக்கம் வரை அச்சிட்டார்கள். கைப்பிடியில் பதித்த நாணயம் போன்ற முத்திரை மரத்தோடு சமமாக இருந்தால் 1972 வரையிலானது, மேடாக இருந்தால் அதற்குப் பிந்தியது. இந்தக் குறிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்தான் வயது தெரியும். ஒன்றை அழித்தாலும் மற்றவை குழப்பும். விற்கப் போவதில்லை, எய்யத்தானே போகிறேன் என்பவருக்கும் இழுவிசை தெரிந்தாக வேண்டும். அதற்கேற்ற அம்பைத் தேர்ந்தாக வேண்டும்.

மார்ச் 5

வார்னிஷ் வெடித்திருந்தால் ஈரம் இறங்காதா, அடியில் விரிசல் ஒளிந்திருக்காதா என்று கேட்பது நியாயம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் வார்னிஷ் வெடிப்பு வலைபோல் மெல்லியதாகத் தெரியும்; நகம் அதில் தட்டாது. ஃபைபர்கிளாஸ் விரிசல் கோடாக ஓடும். பஞ்சை இழுத்தால் அங்கே நூல் சிக்கும். பசை விட்டிருந்தால் விளிம்பில் பிளவு தெரியும். அப்படிப்பட்ட வில்லில் நாணேற்றவே கூடாது. எந்தப் பூச்சும் அதைக் காப்பாற்றாது. வெறும் வார்னிஷ் வெடிப்பு என்றால் ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, உலரவிட்டு, மிக நைசான ஸ்டீல் வூலால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தடவி, எழுத்தைத் தொடாமல் மெல்லிய பாலியூரிதேன் பூசினால் ஈரம் தடைபடும். முற்றிலும் உரிந்துபோன இடத்தில் மட்டும் வெறும் பரப்புவரை போகலாம். பெயின்ட் ரிமூவர் நேரம் மிச்சப்படுத்தும் என்பார்கள். பழைய வார்னிஷைக் கரைப்பது பசையையும் இளக்கக்கூடும். ஹீட் கன்னும் வேண்டாம். வெயிலில் பூட்டிக் கிடந்த காருக்குள்ளேயே பசை விட்ட விற்கள் உண்டு.

பூச்சு காய்ந்ததும் மாட்டும் நாண் டேக்ரானாக இருக்கட்டும். நீளாத புதுவகை நாண்களின் அதிர்ச்சியைத் தாங்கும்படி அந்தக் காலத்து வில்நுனிகள் செய்யப்படவில்லை.