உள்ளேயா, வெளியேயா?

முயலின் சிறுநீரகத்திலிருந்து ஒற்றை நுண்குழலைக் கையால்தான் பிரித்தெடுக்கிறேன். குளிர்ந்த உப்புக்கரைசல், கூர்தீட்டிய இரண்டு இடுக்கிகள், நுண்ணோக்கி, நடுங்காத மணிக்கட்டு. குழலைத் தொட்டால் நசுங்கிவிடும். பக்கத்துத் திசுவைப் பிடித்து, வாழைநார் உரிப்பதுபோல் மெல்லப் பிரிக்க வேண்டும். கிடைப்பது ஒரு மில்லிமீட்டர் நீளம், தலைமுடியைவிட மெலிவு. முதல் முழுக்குழல் கிடைக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. ஓர் உயிர் போயிருக்கிறது. அவசரப்பட்டு நசுக்கினால் அதையும் வீணாக்கியதாகும்.

இரு முனைகளையும் கண்ணாடி பிப்பெட்டுகளுக்குள் உறிஞ்சிப் பிடித்து, நிமிடத்துக்குச் சில நானோலிட்டர் கரைசலை உள்ளே செலுத்துவோம். அதில் பச்சைச் சாயம் கலந்திருக்கும். உயிருள்ள சவ்வு சாயத்தை உள்ளே விடாது. நிறம் ஏறிய செல் செத்தது. பெத்தெஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மாரிஸ் பர்க் குழுவினர் 1966-இல் வெளியிட்ட முறை இது.

குழலுக்குள் ஒரு கரைசல், வெளியே வேறொன்று என்று வைக்க முடிவதுதான் இதன் அருமை. உடலில் உள்ளே ஓடுவது சிறுநீராகப் போகிற நீர், வெளியே இருப்பது இரத்தத்தின் பக்கம்.

இந்தக் குழலின் ஒரு பகுதியான ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்முனை வைத்தால் உட்புறம் சில மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம் காட்டும். பியூரோஸ்மைடு என்ற மருந்தைச் சிறு அளவில் வெளிநீரில் கலந்தால் முள் அசைவதில்லை. அதே அளவை உள்ளே செலுத்தினால் மின்னழுத்தம் சரிகிறது, கழுவினால் மீள்கிறது. ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று சேர்த்து ஏற்றும் புரதம் உட்பக்கச் சவ்வில் இருக்கிறது, அதனால். மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்ப்போ இரத்தப் பக்கம். கொல்லைப்புறம் சோடியத்தை இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் வாசல் வழியே அது நுழைகிறது. இந்தச் சுவர் தண்ணீரை விடாது. ஆகவே உள்ளே போன கரைசல் உப்புக் குறைந்து வெளியே வரும்.

கால் வீக்கத்துக்கு எழுதும் லாசிக்ஸ் இந்த பியூரோஸ்மைடுதான். இரத்தத்தில் அது ஆல்புமினோடு ஒட்டியிருப்பதால் வடிகட்டியில் ஏறக்குறைய இறங்குவதே இல்லை. முன்பகுதிக் குழலின் செல்கள் அதை இரத்தத்திலிருந்து எடுத்துக் குழலுக்குள் சுரக்கின்றன. சிறுநீரகம் பழுதாகும்போது தேங்கும் அமிலங்கள் அந்தச் செல்களில் மருந்தை எடுக்கும் ஏற்றிப் புரதத்துக்கு முண்டியடிக்கின்றன; மருந்தின் அளவைக் கூட்ட நேர்வதற்கு இது முக்கியக் காரணம். அளவை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு இந்தப் பாதையை வரைந்து காட்டாமல் நான் விடுவதில்லை.

எனக்கு மிகப் பிடித்தது சேகரிப்புக் குழல். உள்ளே நீர்த்த கரைசல் ஓடும்போது வாசோபிரசின் என்ற ஹார்மோனை உட்பக்கம் சேர்த்தால் ஒன்றும் நடக்காது. வெளிநீரில் சேர்த்தால், சில நிமிடங்களில் செல்கள் உப்பத் தொடங்கும். ஹார்மோன் தட்டுவது கொல்லைக் கதவை, திறப்பது வாசல். செல்லுக்குள் பதுங்கியிருந்த நீர்வழிப் புரதமான அக்குவாபோரின்-2 உட்பக்கச் சவ்வுக்கு வந்து சேர, தண்ணீர் பாய்கிறது. புடைத்த செல்களுக்கு இடையே இடைவெளிகள் விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹார்மோனைக் கழுவியதும் அவை மெதுவாகத் தட்டையாகும். அதுவரை நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை.