சொல்லாமல் கழிந்த ஒன்பது மணி நேரம்

பேரையூரில் வீட்டுத் திண்ணையிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார் அந்த அம்மா. அன்று காலை 11 மணிக்கு ஒரு போன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவன், 30 செட் யூனிபார்ம் தைக்க வேண்டும் என்றான்.

"அட்வான்ஸ் அனுப்புறேன்மா. வாட்ஸ்அப்ல வர்ற க்யூஆர் கோடைத் திறந்து உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்."

போட்டார். பணம் வரவில்லை. கணக்கிலிருந்து 8,000 ரூபாய் போயிருந்தது. தீபாவளி தையலுக்கு லைனிங் துணி வாங்க வைத்திருந்த காசு.

மகனைக் கூப்பிட போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். முன்பு கரன்ட் பில்லைத் தவறுதலாக இரண்டு தடவை கட்டியபோது, "உனக்கெல்லாம் எதுக்கும்மா இந்த போன்?" என்று அவன் கேட்டது மனசில் முள்ளாக நின்றது.

மதுரையில் கணக்கு வேலை பார்க்கும் மகன், பஸ் பிடித்து வீடு வந்தபோது இரவு மணி 8. சாப்பாடு போடும்போதுதான் அழுகை வந்தது.

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"நீ திட்டுவேன்னுதான்ப்பா."

உடனே 1930-க்கு அழைத்தார்கள். நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண் அது. புகார் பதிவானதும் வங்கிகளுக்குத் தகவல் போகிறது. திருட்டுப் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ, அங்கேயே முடக்கப் பார்க்கிறார்கள். ஆனால் திருடர்கள் காத்திருப்பதில்லை. கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி எடுத்துவிடுவார்கள். அந்த அம்மாவின் பணத்தில் முடக்க முடிந்தது 1,200 ரூபாய்தான்.

ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதியும் இதையேதான் சொன்னது. ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்தால், வங்கியிடம் சொல்லும்வரை ஏற்படும் நஷ்டம் வாடிக்கையாளருடையது. சொன்ன பிறகும் பணம் போனால், அது வங்கியின் பொறுப்பு.

மகன் பொறுமையாகச் சொன்னான்: "பணம் வாங்குறதுக்கு பின் தேவையே இல்லம்மா. பின் கேட்டாலே நம்ம பணம் போகப் போகுதுன்னு அர்த்தம்."

தலையாட்டிய அம்மா கேட்டார்: "நீ உன் பாஸ்வேர்டெல்லாம் எப்படிப்பா வெச்சிருக்க?"

அவனிடம் பதில் இல்லை. மகள் பெயர், பிறந்த வருஷம். ஆபீஸ் மெயில், வங்கி, ரயில் டிக்கெட், பேஸ்புக், எல்லாவற்றுக்கும் அதே ஒன்றுதான். பிறந்தநாள் போட்டோ பார்த்த யாரும் ஊகிக்கலாம். ஓரிடத்தில் கசிந்தாலும், திருடர்கள் அதே சாவியை மற்ற பூட்டுகளிலும் போட்டுப் பார்ப்பார்கள். போதாததற்கு, ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓரத்தில் அதைச் சீட்டெழுதி ஒட்டியும் வைத்திருந்தான். உள்ளே இருப்பது அத்தனை ஊழியர்களின் சம்பள விவரம்.

அன்றிரவே மாற்ற உட்கார்ந்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து, நீளமாக. மெயிலுக்கும் வங்கிக்கும், பாஸ்வேர்டு தெரிந்தாலும் இன்னொரு அனுமதி கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு. மறுநாள் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தச் சீட்டைக் கிழித்தான்.

அம்மா தன் அளவு நோட்டின் முதல் பக்கத்தில் 1930 என்று பெரிதாக எழுதினார். அதன் கீழே, 'ஏமாந்தா உடனே சொல்லணும். யாரும் திட்டக் கூடாது.'

நோட்டை மகனிடம் நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுப்பா."

போட்டான்.