மலபார் தேக்கில் மிதக்கும் திருகோணமலை

கோம்பை என்ற ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை பார்வையை மறித்து நிற்கும். இதே மலைத்தொடரின் மறுசரிவில், வடக்கே தள்ளியிருக்கும் மலபார் காடுகளில் வெட்டிய தேக்கு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. ஹார்ட்டில்பூல் நகரத்தில் நிற்கும் அந்தப் பாய்மரப் போர்க்கப்பலுக்கு ஈழத்துத் திருகோணமலையின் பெயர்.

நெப்போலியனோடு போர் நடந்த காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. தவிரவும், ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெய் ஆணியையும் காக்கும், மரத்தையும் எளிதில் மக்கவிடாது. இதை அறிந்த கிழக்கிந்தியக் கம்பெனி 1806-இல் கேப்டன் வாட்சனை மலபாரின் வனக் காப்பாளராக நியமித்தது. கடற்படைக்கு மரம் திரட்டுவதே அவருக்கு இட்ட வேலை. காடுகள் மளமளவென்று வெறிச்சோடின. இந்தக் கப்பலின் அழகைப் பேசும்போது அந்த இழப்பையும் சேர்த்தே பேச வேண்டும்.

கட்டியவர் பம்பாயின் பார்சி தச்சர் ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா. இவர் கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ கப்பலில்தான் 1842-இல் நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தானது. திருகோணமலைக் கப்பலின் வேலையோ தொடக்கத்திலேயே தடைப்பட்டது. வரைபடங்களை ஏற்றி வந்த ‘ஜாவா’ கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால், அப்போது பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் மடக்கி எரித்தார்கள். புதுப் பிரதி வந்து சேர்ந்து, 1816-இல் அடிமரம் இட்டபோது பார்சி வழக்கப்படி அதில் வெள்ளி ஆணி அறைந்தார்கள். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது.

அதற்குள் போர் முடிந்துவிட்டது. 1819-இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்த கப்பலைக் கூரை போட்டு மூடிவைத்தார்கள். கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது. பிறகு 1847 முதல் 1857 வரை இரு நெடும் பயணங்கள்: முதலில் மேற்கிந்தியத் தீவுகளும் வட அமெரிக்கக் கரையும், அடுத்து பசிபிக். கப்பலுக்காக வெட்டிய மரங்களின் வயதோடு ஒப்பிட்டால், கடலோடிய காலம் கொஞ்சம்தான்.

அப்புறம் பயிற்சிக் கப்பலானது. 1897-இல் உடைக்க விற்றுவிட்ட அதை வீட்லி காப் என்பவர் வாங்கி மீட்டார். நெல்சன் காலத்து ‘ஃபூட்ராயன்’ கப்பலை அதே ஆண்டு பிளாக்பூலில் புயலுக்குப் பறிகொடுத்திருந்தவர் அவர். அந்தப் பெயரையே இதற்கும் சூட்டினார். 1986 வரை இளைஞர்கள் அதில் கடல் தொழில் பழகினார்கள்.

1987-இல் கப்பல் ஹார்ட்டில்பூலுக்கு வந்தது. ‘வாரியர்’ என்ற பழைய இரும்புக் கப்பலை அப்போதுதான் புதுப்பித்து அனுப்பியிருந்த ஊர் அது. கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். 1990-இல் வேலை தொடங்கியது. 1992-இல் பழைய பெயர் திரும்பியது. வேலை முடிய 2001 ஆயிற்று. செலவு ஒரு கோடி பவுண்டுக்கும் மேல். மக்கிய பலகையை மட்டும் மாற்றி, உறுதியானதை இருந்த இடத்திலேயே விட்டார்கள். அதனால் கப்பலில் பாதிக்கு மேல் இன்னும் பழைய மரம்தான். பளபளவென்று புதிதாக ஒன்றைக் கட்டிவைப்பதைவிட இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

மலபாரிலும் ஈடுசெய்யும் முயற்சி நடந்தது. 1840-களில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்த்தார்கள். அதில் ஒரு பகுதி இன்றும் வெட்டப்படாமல் நிற்கிறது. கோடரிக்குத் தப்பிய இயற்கைத் தேக்கைப் பார்க்க விரும்புவோர் பொள்ளாச்சி வழியாகப் பறம்பிக்குளம் போகலாம். அங்கே நிற்கும் கன்னிமரா தேக்கின் அடிமரச் சுற்றளவு சுமார் 7 மீட்டர்.