அருவி பார்க்க வருகிறார்கள்... நிலத்தைக் கொடுக்கலாமா?

கல்வராயன் மலையிலிருந்து வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். அருவிக்குப் போகும் சாலையோரம் அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. மரவள்ளியும் சாமையும் போடுகிறார். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, 'சூழல் சுற்றுலாவுக்குக் குடில் கட்டப்போகிறேன், பத்து வருஷக் குத்தகைக்குக் கொடுங்கள்' என்று கேட்கிறாராம். 'கொடுக்கலாமா சார்?' என்பதுதான் கேள்வி.

ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால், இதே கேள்வியை வேறு மலைகளிலும் விவசாயிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இடத்தைப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்டேன்.

அணையைத் தாண்டி மலைக்கு...

கச்சிராயபாளையத்தை ஒட்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது கோமுகி அணை. 46 அடி வரை நீர் தேக்கலாம். அந்தத் தண்ணீர் மேலே கல்வராயன் மலை ஓடைகளிலிருந்து இறங்கி வருவது. கீழே நெல் விளைவதும், கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போவதும் இந்தத் தண்ணீரை நம்பித்தான். அதனால், மலையில் ஓடை கெட்டால் அது மலைக்காரர் பிரச்னை மட்டுமல்ல. சமவெளி விவசாயிக்கும் அதில் பங்கு உண்டு.

அணையைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இதைச் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். கரியாலூரில் படகுத்துறை, பூங்கா, அதற்கப்பால் வெள்ளிமலை. பெரியார், மேகம், சிறுகலூர், எட்டியாறு என்று அருவிகளுக்குப் பஞ்சமில்லை. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, சுற்றுலா என்றாலே இங்குள்ளவர்கள் கைகாட்டுவது இந்த மலையைத்தான்.

இங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் ஆளுகையில் இருந்தது. நிலம் நமக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளும் நிலைமை, இந்த மக்களுக்குத் தாத்தா காலத்துக்குப் பிறகுதான் வந்தது. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. கல்வராயன் மலை என்றதும் வெளியூரில் பலர் சாராயத்தைத்தான் பேசுகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரில் 60-க்கும் மேற்பட்டவர்கள் விஷச் சாராயத்துக்குப் பலியான பிறகு அந்தப் பேச்சு கூடிவிட்டது. அவர்கள் உயிரைக் குடித்தது மெத்தனால். அது மலையில் விளைகிற பொருள் அல்ல. ஆனாலும், கெட்ட பெயர் மலைக்கும் சேர்ந்தே வந்தது. நேர்மையான வருமானம் தரும் எந்தத் தொழிலும் இங்கே வரவேற்க வேண்டியதுதான். அந்த வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

நூறு வண்டி, பத்துப் பேர்!

அருவிப் பக்கம் சாலையோரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு அம்மா சாக்கை விரித்து, கடுக்காய், புளி, தேன், நாலு பலாப்பழம் வைத்திருந்தார். வியாபாரம் எப்படி என்று விசாரித்தேன்.

"ஞாயித்துக்கிழமைன்னா நூறு வண்டி போவுது சார். நின்னு வாங்குறது பத்துப் பேரு. சோறு, தண்ணி பாட்டில் எல்லாம் கீழேயே வாங்கியாந்துடறாங்க. சாப்ட்ட எலையும் பாட்டிலும்தான் எங்களுக்கு" என்றார்.

ஓடைக்கு இறங்கிப் பார்த்தேன். பாறை இடுக்கில் பிளாஸ்டிக் தட்டுகள், உடைந்த மதுபாட்டில்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஓடைக்கு அது தெரியாது. மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் இடத்தில் கண்ணாடிச் சில்லு கிடந்தால், குளம்பில் குத்தி என்ன ஆகும் என்பதை மாடு வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இயற்கையைக் கெடுக்காமல் இருப்பது, உள்ளூர் மக்களுக்கு வருமானம் கிடைப்பது, வருகிறவர் அந்த இடத்தைப் பற்றி எதையாவது தெரிந்துகொண்டு போவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது சூழல் சுற்றுலா. 2002-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சூழல் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோதே பேசப்பட்ட விஷயங்கள்தான் இவை. நான் பார்த்த ஞாயிற்றுக்கிழமையில் மூன்றுமே இல்லை.

நன்மை என்ன, எவ்வளவு?

சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மாதம் காத்திருந்து பிடுங்கி, வண்டி வாடகை கொடுத்து, சேலம், ஆத்தூர் பக்கம் ஆலைக்கு அனுப்புகிறோம். மாவுச்சத்து 'பாயின்ட்' பார்த்து அவர்கள் சொல்வதுதான் விலை. சாமையை உமியோடு மூட்டையில் விற்றால் வியாபாரி சொல்வது விலை. அதே சாமையை அரிசியாக்கி ஒரு கிலோ, அரைக் கிலோ பையில் போட்டு வீட்டு வாசலில் விற்றால், விலையை நாம் சொல்லலாம். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டுக்குப் பிறகு நகரத்துக்காரர்களுக்குச் சாமை என்றால் என்னவென்று விளக்க வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. இடைத்தரகர் இல்லாமல் வாங்குபவர் நம் வாசலுக்கே வருகிறார் என்பதுதான் சுற்றுலாவின் முதல் நன்மை.

ஆனால், இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஞாயிறு ஒருநாள் 20 பேருக்குத் தலைக்கு 120 ரூபாய்க்குச் சாமைச் சோறும் கோழிக்குழம்பும் போட்டால் 2,400 ரூபாய். செலவு, கூலி என்று பாதி போனால் 1,200 ரூபாய் நிற்கும். அருவியில் நல்ல தண்ணீர் விழுவது ஐந்து மாதம் என்றால் 20 ஞாயிறு. பலத்த மழை, வெள்ளம் என்று அருவிக்குத் தடை போடும் நாள்களைக் கழித்தால் 15 ஞாயிறு. ஆக மொத்தம் 18,000 ரூபாய். பிள்ளைகள் படிப்புக்கு உதவும். நிலத்தை விட்டுவிட்டு இதை நம்பி உட்காரலாம் என்று சொல்லும் தொகை அல்ல.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆடியில் விதைத்த சாமை அறுவடைக்கு வருவதும் ஐப்பசியில்; அருவியில் கூட்டம் கூடுவதும் ஐப்பசி, கார்த்திகையில். வீட்டில் இருக்கும் நாலு கைகளில் எதை எங்கே அனுப்புவது என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பரளிக்காடு காட்டும் வழி

கோவை மாவட்டம் காரமடை பக்கம், பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிப் பரளிக்காடு என்ற ஊர் இருக்கிறது. அங்கே வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. உள்ளூர்க்காரர்கள் பரிசல் ஓட்டுகிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். கூட்டத்துக்கு அளவு இருக்கிறது. நிலம் கைமாறாமலே வருமானம் ஊருக்குள் வருகிறது.

அளவில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊட்டியும் கொடைக்கானலும் சாட்சி. வண்டிகளைத் தாங்க முடியாமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய ஊர்களே திணறும்போது, கல்வராயன் மலைச் சாலையும் ஓடையும் எவ்வளவு தாங்கும்?

நான் சொன்ன தவறான யோசனை

பல வருஷங்களுக்கு முன் வேறொரு மலைப்பகுதியில் பணியில் இருந்தபோது, ஒரு விவசாயி இதேபோலக் குத்தகைப் பத்திரத்தோடு என்னிடம் வந்தார். வருஷா வருஷம் நிலையான பணம் வருகிறதே என்று நானும் 'கொடுங்கள்' என்றேன். பயிரைப் பற்றித் தெரிந்த எனக்குப் பத்திரத்தைப் பற்றித் தெரியவில்லை. தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கட்டடம் எழுந்ததும் ஆழமாகப் போர் போட்டார்கள். மூன்றாவது கோடையில், அவர் மீதி வைத்திருந்த நிலத்துக் கிணறு வற்றியது. மிளகுக் கொடிகள் காய்ந்தன. குத்தகைப் பணம் தண்ணீர் வாங்கவே சரியாகப் போனது. பிறகு என்னைப் பார்த்தபோது அவர் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

கேள்விக்குப் பதில்

வாசகரே, என் பதில் இதுதான். நிலத்தைக் கொடுக்க வேண்டாம். விருந்தாளிகளை வரவேற்கும் வழியைப் பாருங்கள்.

முதலில் உங்கள் பட்டா எந்த வகை என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த உரிமை என்றால், அது வாரிசுக்குப் போகும். அடுத்தவருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ சட்டத்தில் இடமில்லை. அரசு ஒப்படை செய்த நிலம் என்றால் அதற்கும் நிபந்தனைகள் இருக்கும். புரியாத காகிதத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள், முன்பணமும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, தனியாகச் செய்யாமல் நாலைந்து குடும்பமாக, மகளிர் சுயஉதவிக் குழுவாகச் சேருங்கள். ஒரு வாரம் ஒரு வீடு சமைத்தால், அறுவடை வேலையும் கெடாது. சாமை அரிசி, தேன், புளி, மிளகு, கடுக்காய் எல்லாவற்றுக்கும் ஒரே கடை போதும். உணவுப் பொருள் விற்க, உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிகளுக்கான பதிவுச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அருவிக்கு வரும் வண்டிக்கு எல்லை, குப்பையைத் திரும்ப எடுத்துப்போகும் ஏற்பாடு, ஓடையில் மது அருந்தத் தடை, உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை ஆகியவற்றைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி அன்று சபை கூடும். வனத்துறையோடு பேசும்போது தனி ஆளின் மனுவைவிட ஊர்த் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம்.

நான்காவது, மரவள்ளியையும் சாமையையும் விடாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு மண்ணைக் காப்பாற்றுங்கள். மழை தப்பினால் அருவி வற்றும். வருகிறவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அப்போது நமக்கு நிற்பது நிலம்தான்.

திரும்பும்போது அந்த அம்மாவிடம் ஒரு பாட்டில் தேனும் ஒரு கிலோ புளியும் வாங்கினேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை சாமைச் சோறு ஆக்கி வெச்சா வாங்குவாங்களா சார்?" என்று கேட்டார். சோற்றுச் சட்டியைச் சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மலைப்பகுதியில் சுற்றுலாவோடு சேர்த்து விவசாயம் செய்பவர்கள், உங்கள் லாப நஷ்டக் கணக்கை எழுதி அனுப்புங்கள். கேள்வி-பதில் பகுதியில் வெளியிட்டால் மற்றவர்களுக்கும் உதவியாக இருக்கும்.