குன்னூரை விட்டு இறங்கும்போது

கோடையில் இரண்டு நாள் தங்கிச் செல்வோர் குன்னூரைப் பிரியும்போது கொள்ளும் வருத்தம் வேறு. அவ்வூரில் அடுப்பெரித்து, பிள்ளைகளை வளர்த்து, பின் வீட்டைக் காலி செய்துகொண்டு இறங்குவோரின் வருத்தம் வேறு. இவர்களுடைய வருத்தத்தில் ஒரு நிம்மதியும் கலந்திருக்கும். அந்த நிம்மதியே பின்னர் நெஞ்சை உறுத்தவும் செய்யும். 1996 முதல் 2010 வரை அங்கு மளிகைக்கடை நடத்தி வாழ்ந்த எங்கள் குடும்பத்தின் நிலை இதுவே.

நீலகிரியின் கிழக்கு விளிம்பில் அமைந்த குன்னூர், உதகையைப் போல் விரிந்து கிடக்கும் ஊரன்று. சரிவுகளில் வீட்டின்மேல் வீடாக ஏறி அமர்ந்திருக்கும் சிறு நகரம். 1874-இல் உருவான சிம்ஸ் பூங்காவும், மே மாதப் பழக்கண்காட்சியும், 1907 முதல் வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட பாஸ்டர் நிலையமும் அதற்குப் பெருமை சேர்ப்பவை. எங்களுக்கோ காலைப் பனியில் மிதந்து வரும் தேயிலை மணமும், சூடான தேநீரில் தோய்த்துண்ணும் வர்க்கியுமே குன்னூர்.

ஆனால் அழகு மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றுவதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் துணிகள் நாட்கணக்கில் உலரா; பெட்டியிலிருக்கும் புத்தகமும் பூஞ்சை பிடிக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் இரவில் மழை வலுத்தால், வீட்டின் பின்புறத் தடுப்புச்சுவரையே செவிகள் காவல் காத்தன. அதற்கும் முன்பே, 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, எங்கள் கடையின் பற்றுவரவுப் புத்தகம் தடித்துக்கொண்டே போயிற்று. கடன் கேட்டவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். இலைக்கு விலை கிடைக்காதவர்கள். பிள்ளைகளின் மேற்படிப்பும் சேர்ந்துகொள்ள, கோவைக்குப் பெயர்வதென முடிவாயிற்று.

விடைபெறச் சென்றபோது, 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த மூதாட்டி ஒருவர், "சமதரையில நடந்தாலும் காலு மேட்டைத்தான் தேடும், பாய்" என்றார். ஒரு மலையை முன்பே இழந்தவரின் சொல் அது.

மேட்டுப்பாளையத்துக்கு மலை இரயிலிலேயே இறங்கினோம். 1899 முதல் குன்னூருக்கு ஓடும் இந்த இரயிலில், மலையேறும்போது இயந்திரம் பின்னிருந்து பெட்டிகளைத் தள்ளும். இறங்கும்போது அதே இயந்திரம் முன்னின்று, பல் சக்கரத்தால் தண்டவாளத்தைப் பற்றி வேகத்தைத் தடுத்துக்கொண்டே வரும். எங்கள் மனமும் அன்று போய்க்கொண்டே போகாதே என்றது.

கோவையில் துணிகள் ஒரு பொழுதில் உலர்ந்தன. மழையிரவுகளில் நன்றாக உறங்கினோம். பிள்ளைகளும் படித்து முன்னேறினர். ஆகவே இறங்கியது தவறென்று சொல்வதற்கில்லை. ஆயினும், 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தபின், பழைய அண்டை வீட்டாரின் இல்லத் திருமணத்திற்காக நாங்களும் அதனைப் பெற வேண்டியதாயிற்று. மலையின் நலனுக்கு அது தேவையான ஏற்பாடுதான். எனினும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த ஊருக்குள் வெளியூர்க்காரராக அனுமதி கேட்டபோதுதான், அன்று காலி செய்தது வீட்டை மட்டுமன்று என்பது முழுமையாக விளங்கியது.